37 டிகிரி ஏன் 69 ஆகிறது? எண்களை ஃப்ளோட்டாக மாற்றுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

காய்ச்சல் இல்லாத உடம்பின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் அது 98.6. சி மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில நாட்களிலேயே இந்தக் கணக்குக்கு நிரல் எழுதிப் பார்ப்பதுண்டு:

இன்ட் செல்சியஸ் = 37;
டபுள் ஃபாரன்ஹீட் = 9 / 5 * செல்சியஸ் + 32;

ஓட்டிப் பார்த்தால் 69 என்று வரும். கம்பைலர் எந்தப் பிழையும் காட்டாது. சூத்திரமும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். விடை வைக்கும் பெட்டிக்கு டபுள் என்று தசம வகையையும் கொடுத்தாயிற்று. பிறகு ஏன் 69?

9, 5 இரண்டுமே முழு எண்கள். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே கிடைக்கும், மீதி போய்விடும். எனவே 9 / 5 என்பது 1.8 ஆகாமல் 1 ஆகிறது. 1 × 37 = 37, அதோடு 32 சேர்த்தால் 69. இந்த 69 முழுசாகத் தயாரான பிறகுதான் இடப்பக்கத்து டபுள் பெட்டிக்குப் போய் 69.0 என்று மாறுகிறது. மாற்றம் நடக்கத்தான் செய்தது, ஆனால் இழக்க வேண்டியதை எல்லாம் இழந்த பிறகு நடந்தது. வலப்பக்கத்தில் 9.0 / 5 என்று ஒரு புள்ளியும் பூஜ்ஜியமும் சேர்த்துவிட்டால் 98.6 வந்துவிடும்.

ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்றும் கட்டளை எந்த மொழியிலும் ஒரு சொல்தான். ஒரு நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். அந்தச் சொல்லை எந்த இடத்தில் போடுவது, மாற்றும்போது எண்ணுக்கு என்ன ஆகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும். இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியது.

ஒரு குறிப்பு: இங்கே நிரல் வரிகள் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. மொழியின் சொற்களையும் ஃபங்ஷன் பெயர்களையும் எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். விலை, எடை போன்ற வேரியபிள் பெயர்களைப் பைத்தான் 3-இல் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், மொழி அதை ஏற்கிறது.

ஃப்ளோட்டுக்குள் என்ன இருக்கிறது

மிகப் பெரிய எண்ணை 3 × 10⁸ என்று இயற்பியல் வகுப்பில் எழுதுவோம். இலக்கங்கள் ஒரு பக்கம், புள்ளி எத்தனை இடம் தள்ளி இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். கணினியும் தசம எண்ணை இப்படித்தான் வைத்துக்கொள்கிறது, பத்துக்குப் பதில் இரண்டின் அடுக்கில். புள்ளி ஓரிடத்தில் நிலைத்து நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால் மிதவைப் புள்ளி எண் என்று பெயர், ஆங்கில வழக்கில் ஃப்ளோட். எந்த பிட்டில் (0 அல்லது 1 இருக்கும் ஓர் இடம்) எதை வைப்பது என்பதை ஐ-ட்ரிபிள்-ஈ 754 என்ற தரநிலை 1985-இல் வரையறுத்தது. அதில் பெரும் பங்காற்றிய வில்லியம் கஹானுக்கு 1989-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்துக் கணினியும் தசமத்தைத் தன் போக்கில் வைத்திருந்தது. ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இரண்டு விடை தரும் நிலை இருந்தது.

ஆறே முக்காலை எடுத்துக்கொள்வோம், 6.75. நம் பேச்சிலேயே அது உடைந்து கிடக்கிறது: நாலும் இரண்டும் அரையும் காலும். 4 + 2 + ½ + ¼. இருமத்தில், அதாவது 0, 1 மட்டுமே உள்ள எண்முறையில், எழுதினால் 110.11. புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் தள்ளினால் 1.1011 × 2². இதை 32 பிட்டில் அடுக்குவது இப்படி. முதல் பிட் குறிக்கு. நேர் எண் என்பதால் 0. அடுத்த 8 பிட் அடுக்குக்கு; அடுக்கோடு 127-ஐக் கூட்டி வைப்பது வழக்கம், ஆகவே 2 + 127 = 129, இருமத்தில் 10000001. மிச்சம் 23 பிட்டில் புள்ளிக்குப் பின்னால் உள்ள 1011, அதன்பின் 19 பூஜ்ஜியங்கள். புள்ளிக்கு முன்னால் உள்ள 1 எப்போதும் 1-ஆகவே இருக்கும் என்பதால் அதைச் சேமிப்பதே இல்லை. 23 பிட் இடத்தில் 24 பிட் துல்லியம் கிடைப்பது இந்தச் சிக்கனத்தால்தான்.

64 பிட் வகையில் குறிக்கு 1, அடுக்குக்கு 11, இலக்கங்களுக்கு 52. நம் தசம இலக்கத்தில் சொன்னால் 32 பிட்டில் ஏறக்குறைய 7 இலக்கமும், 64 பிட்டில் 15 அல்லது 16 இலக்கமும் நம்பகமாக நிற்கும்.

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. சி, ஜாவா இரண்டிலும் ஃப்ளோட் என்றால் 32 பிட், டபுள் என்றால் 64 பிட். பைத்தானில் ஃப்ளோட் என்று எழுதினாலும் உள்ளே இருப்பது 64 பிட், அதாவது சி மொழியின் டபுள். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாமே 64 பிட் ஃப்ளோட்தான். முழு எண்ணுக்கென்று தனி வகை தேடினால் பிக்இன்ட் ஒன்றுதான் உண்டு. சி, ஜாவாவில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: காரணம் இல்லாமல் ஃப்ளோட்டைத் தொடாதீர்கள், டபுளையே எடுங்கள். லட்சக்கணக்கான எண்களை நினைவகத்தில் அடைக்க வேண்டிய இடங்களில்தான் 32 பிட்டின் சிக்கனம் பயன்படும்.

அரைக்கால் பொருந்தும், இருமா பொருந்தாது

ஃப்ளோட்டாக மாற்றும்போது எண் சற்றே மாறிவிடக்கூடும் என்பதைப் பலர் முதலில் நம்புவதில்லை. பைத்தானில் 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 என்று வரும். மொழியில் பிழை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எதில் டபுளாகச் செய்தாலும் உள்ளே இதே விடைதான். திரையில் எத்தனை இலக்கம் காட்டுகிறார்கள் என்பதில் மட்டுமே வேறுபாடு.

காரணத்தைப் பழைய தமிழ்ப் பின்ன வாய்பாட்டை வைத்தே சொல்லிவிடலாம். அதில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போவது: அரை, கால், அரைக்கால், வீசம், அதாவது 1/2, 1/4, 1/8, 1/16. இன்னொன்று இருபதில் ஒரு பங்கிலிருந்து கிளம்புவது: மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முதல் வரிசை முழுக்க இரண்டால் ஆனது. இருமத்தில் அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிட். 0.5, 0.25, 0.125, 0.0625 எல்லாம் ஃப்ளோட்டில் அப்பழுக்கில்லாமல் உட்காரும். இரண்டாம் வரிசையில் எல்லாவற்றுக்குள்ளும் ஐந்து ஒளிந்திருக்கிறது. பாதிகளை எத்தனை முறை அடுக்கினாலும் ஐந்தில் ஒரு பங்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. 1/3-ஐத் தசமத்தில் எழுதினால் 0.3333 என்று முடிவில்லாமல் ஓடுவதைப் போலத்தான் இதுவும். 0.1 என்பது இருமா, 0.2 நாலுமா. இரண்டுமே இரண்டாம் வரிசை.

கையால் செய்தே பார்த்துவிடலாம். பின்னத்தை 2-ஆல் பெருக்குங்கள். 1 அல்லது அதற்கு மேல் வந்தால் 1 என்று எழுதிவிட்டு அந்த 1-ஐக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் 0. 0.1-இல் தொடங்கினால் 0.2 (எழுது 0), 0.4 (0), 0.8 (0), 1.6 (1), மீதி 0.6, அது 1.2 ஆகும் (1), மீதி 0.2, அது 0.4 ஆகும் (0). 0.4-க்கே திரும்பி வந்துவிட்டோம். இனி 0011, 0011 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பிறகு டபுளில் நிற்கும் எண் 0.1000000000000000055511151231257827021181583404541015625. சி மொழியின் ஃப்ளோட்டில் நிற்பது 0.100000001490116119384765625. இரண்டுமே 0.1 இல்லை, ஒன்றுக்கொன்று சமமும் இல்லை. 32 பிட்டில் வைத்த 0.1-ஐப் பிறகு டபுளாக மாற்றினாலும் போன துல்லியம் திரும்ப வராது. ஜாவாவில் அப்படி மாற்றி அச்சிட்டால் 0.10000000149011612 என்று அந்தக் குறை வெளியே தெரியும்.

எழுத்தை எண்ணாக்குவது

தொடக்கநிலையில் அதிகம் செய்யும் மாற்றம் இதுதான். பயனர் விசைப்பலகையில் தட்டுவது எதுவும் எண்ணாக வருவதில்லை, எழுத்துச் சரமாகத்தான் வருகிறது. பைத்தானின் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்கையே தரும். ஒருவர் கிலோ விலை 62.50 என்று தட்டுகிறார், நிரல் அதை அப்படியே 3-ஆல் பெருக்குகிறது என்று வையுங்கள். விடை 187.5 இல்லை, 62.5062.5062.50. ஸ்ட்ரிங்கை 3-ஆல் பெருக்கினால் அதை மூன்று தடவை ஒட்டிவைப்பது பைத்தானின் வழக்கம். சரியான வரி இது:

விலை = ஃப்ளோட்(இன்புட்("கிலோ விலை: "))

வாங்கும் இடத்திலேயே மாற்றிவிட வேண்டும். ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொண்டு, கணக்கு வரும் இடங்களில் எல்லாம் ஃப்ளோட் என்று போடத் தொடங்கினால் பத்து இடத்தில் ஒன்பதில் போட்டு ஒன்றில் விட்டுவிடுவோம். அந்த ஒன்றுதான் பில்லில் தப்பாக வரும்.

பைத்தானின் ஃப்ளோட் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று தெரிந்துகொள்வது நல்லது. "12" கொடுத்தால் 12.0. முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் தானே நீக்கிக்கொள்ளும். "1e3" என்று நடுவில் ஆங்கில எழுத்து வரும் அறிவியல் வடிவத்தை 1000.0 என்று படிக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று, தமிழ் எண்களையும் அது படிக்கும். "௩.௫" கொடுத்தால் 3.5 வரும். யூனிகோடில் இலக்கம் என்று வகைப்படுத்திய ௦ முதல் ௯ வரை எல்லாம் செல்லும். பத்து, நூறு, ஆயிரத்துக்கு உள்ள ௰, ௱, ௲ மூன்றும் இட மதிப்பு இலக்கங்கள் இல்லை என்பதால் பிழை தரும்.

காற்புள்ளியை ஏற்காது. "1,25,000.50" என்று நம் வழக்கப்படி தட்டினால் வேல்யூஎரர் என்ற பிழை வரும். முதலில் ரீப்ளேஸ் கொண்டு காற்புள்ளிகளை எடுத்துவிட்டு மாற்றுங்கள். ஆனால் உள்ளே வருவது இந்திய வழக்கில் எழுதிய எண்தானா என்று உறுதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஜெர்மனியில் 3,5 என்றால் மூன்றரை. காற்புள்ளியை நீக்கினால் அது 35 ஆகிவிடும். "₹62", "62/-", "2.5 கிலோ", வெற்று உள்ளீடு எல்லாமே பிழைதான். வலைப்பக்கத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ நகலெடுத்த எண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ஜிய அகல இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் பிழை வரும். பார்க்க "12" என்றுதான் இருக்கும். அப்போது பிழைச்செய்தியின் மேற்கோளுக்குள் பாருங்கள், அந்த மறைந்த எழுத்தின் யூனிகோட் எண் அங்கே காட்டப்பட்டிருக்கும்.

பயனர் தவறாகத் தட்டினால் நிரல் விழுந்துவிடாமல் இருக்க:

வைல் ட்ரூ:
    ட்ரை:
        விலை = ஃப்ளோட்(இன்புட்("கிலோ விலை: "))
        பிரேக்
    எக்செப்ட் வேல்யூஎரர்:
        பிரின்ட்("எண்ணை மட்டும் தட்டுங்கள், உதாரணம் 62.50")

எக்செப்ட் என்று மட்டும் எழுதாமல் வேல்யூஎரர் என்ற பெயரையும் சேர்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் பயனர் கண்ட்ரோல்-சி அழுத்தி வெளியேற முயன்றாலும் நிரல் அதையும் பிடித்துக்கொண்டு மறுபடி விலை கேட்கும்.

"3.5"-ஐ நேராக இன்ட் ஃபங்ஷனுக்குக் கொடுப்பது அடுத்த வழக்கமான தவறு. அது புள்ளியுள்ள ஸ்ட்ரிங்கை ஏற்காது. முதலில் ஃப்ளோட், பிறகு இன்ட் என்று இரண்டு படியாகப் போக வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை வேறு, இன்னும் கவனம் தேவை. பைத்தான் பிழை காட்டி நிறுத்தும் இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பார்ஸ்ஃப்ளோட் ஃபங்ஷன் இடமிருந்து வலமாகப் படித்து, புரியாத எழுத்து வந்ததும் நின்றுவிடுகிறது. "12.5 கிலோ" கொடுத்தால் 12.5 வரும், அது சௌகரியம். அதே குணத்தால் "1,250.50" கொடுத்தால் 1 வரும். ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் ஒரு ரூபாயாகும், எச்சரிக்கை எதுவும் இராது. நம்பர் என்ற ஃபங்ஷன் முழு ஸ்ட்ரிங்கும் எண்ணாக இருந்தால்தான் ஏற்கும், இல்லையென்றால் நான் என்று உச்சரிக்கப்படும் எண்ணல்லாத மதிப்பைத் தரும். ஆனால் அதற்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் 0 தரும். படிவத்தில் விலையை நிரப்பாமல் விட்டால் இலவசம் என்று ஆகிவிடும். வெற்றா என்று தனியாகப் பார்த்துவிட்டுத்தான் நம்பரைக் கூப்பிட வேண்டும்.

சி மொழியில் ஸ்கேன்எஃப் கொண்டு டபுளை வாங்க %எல்எஃப் வேண்டும், ஃப்ளோட்டுக்கு %எஃப். டபுள் வேரியபிளுக்கு %எஃப் போட்டால் 8 பைட் இடத்தில் 4 பைட் மட்டும் எழுதப்பட்டு அர்த்தமில்லாத எண் வரும். அச்சிடும் பிரின்ட்எஃப்பில் இரண்டுக்குமே %எஃப் செல்லும் என்பதால்தான் இந்தக் குழப்பம் இத்தனை பரவலாக இருக்கிறது. ஸ்ட்ரிங்கை மாற்ற அட்டோஎஃப் உண்டு. ஆனால் தோற்றுப்போனால் அது 0.0 தரும், பயனர் உண்மையிலேயே 0 தட்டினாரா என்று பிரித்தறிய வழியில்லை. எங்கே படிப்பதை நிறுத்தியது என்றும் சொல்லும் ஸ்ட்ர்டோடி நல்லது. ஜாவாவில் டபுள்.பார்ஸ்டபுள் பைத்தானைப் போலவே கண்டிப்பானது, தவறென்றால் நம்பர்ஃபார்மட்எக்செப்ஷன் எறியும்.

எண்ணை எண்ணாக மாற்றும்போது: இடம்தான் எல்லாம்

இரண்டு பாடத்தின் மதிப்பெண் 78, 85. கூட்டினால் 163, சராசரி 81.5. சியிலோ ஜாவாவிலோ மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்:

(அ + ஆ) / 2 என்றால் 81.
(டபுள்)((அ + ஆ) / 2) என்றால் 81.0.
(டபுள்)(அ + ஆ) / 2 என்றால் 81.5.

நடுவில் உள்ளது புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது. காஸ்ட், அதாவது வகையை மாற்றச் சொல்லும் (டபுள்), இருக்கிறது, அடைப்புக்குறியும் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் வகுத்தல் அடைப்புக்குள் முடிந்துவிட்டது, அரை ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவதில் காஸ்ட் கூட்டுத்தொகையை மட்டும் பிடித்து 163.0 ஆக்குகிறது. ஒரு பக்கம் டபுள் வந்ததும் மறுபக்கத்து 2-ஐக் கம்பைலர் தானாக 2.0 ஆக்கிக்கொள்ளும். வகுக்கும் குறியின் இரு பக்கத்தில் ஒன்றாவது, வகுக்கும் முன்பே தசமமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 2.0 என்று எழுதுவது இன்னும் சுலபம். இரண்டும் வேரியபிளாக இருக்கும்போதுதான் காஸ்ட் தேவை.

பைத்தான் 3-இல் இந்தத் தொல்லை இல்லை. / எப்போதும் ஃப்ளோட் தரும், ஈவு மட்டும் வேண்டுமென்றால் // போட வேண்டும். 8 / 2 கூட 4.0 தான். பைத்தான் 2-இல் 7 / 2 என்றால் 3 வந்தது, 2008 இறுதியில் வெளிவந்த பைத்தான் 3-இல் இது மாறியது. பழைய புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜாவாவில் ஃப்ளோட் விலை = 62.5; என்று எழுதினால் கம்பைல் ஆகாது. புள்ளியுள்ள எண் ஜாவாவுக்கு இயல்பாகவே டபுள்; அதைச் சிறிய பெட்டியில் வைத்தால் துல்லியம் போகலாம் என்று மறுக்கும். எண்ணுக்குப் பின்னால் ஓர் எஃப் சேர்க்கலாம், டபுள் என்று அறிவிப்பது அதைவிட நல்லது.

பெரிய முழு எண்களில் வேறொரு பொறி இருக்கிறது. இதே ஜாவா, முழு எண்ணை ஃப்ளோட்டில் வைப்பதை மட்டும் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். 123456789-ஐ அப்படி வைத்தால் உள்ளே 123456792 தான் இருக்கும். 24 பிட் துல்லியத்தில் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்ணும் சரியாக நிற்கும். அதற்கு அடுத்த 1,67,77,217-ஐ வைத்தால் 1,67,77,216 ஆகிவிடும். 9-இல் தொடங்கும் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணை 32 பிட் ஃப்ளோட்டில் வைத்தால் 1024-க்கு ஒரு எண்தான் சரியாக நிற்கும், நடுவில் உள்ளவை எல்லாம் பக்கத்து எண்ணாக மாறிவிடும். டபுளில் 2⁵³ வரை, அதாவது 9007199254740992 வரை பிசகாது.

கைப்பேசி எண், ஆதார் எண், கணக்கு எண் இவற்றை ஃப்ளோட்டாக்கவே கூடாது. அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். சென்னையின் 044 ஃப்ளோட்டானால் 44.0, முன்னால் இருந்த பூஜ்ஜியம் போயே போய்விடும். பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாள உதவும் பான்டாஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தானாகவே நேரும்: முழு எண்கள் உள்ள ஒரு பத்தியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தாலும் சாதாரணமாக அந்தப் பத்தி முழுவதும் ஃப்ளோட்டாகி, கைப்பேசி எண்களுக்குப் பின்னால் .0 ஒட்டிக்கொள்ளும். கோப்பைப் படிக்கும்போதே அந்தப் பத்திக்கு ஸ்ட்ரிங் என்று வகை சொல்லிவிட்டால் தீர்ந்தது. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆவது அதனால்தான்.

திரும்பி முழு எண்ணாக்கும்போது

ஃப்ளோட்டை இன்ட் ஆக்கினால் புள்ளிக்குப் பின்னால் உள்ளது வெட்டப்படும், அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போகாது. 3.9 என்றால் 3. -3.7 என்றால் -3. பைத்தானின் // இதில் வேறுபடும், -7 // 2 என்றால் -4.

வெட்டுவது எங்கே கடிக்கும் என்று பாருங்கள். 19.99 ரூபாயைப் பைசாவாக்க 100-ஆல் பெருக்கினால் டபுளில் கிடைப்பது 1998.9999999999998. அதை இன்ட் ஆக்கினால் 1998. ஒரு பைசா காணாமல் போகும். ரவுண்ட் போட்டால் 1999 சரியாக வரும். ரவுண்டிலும் ஒரு நுணுக்கம்: பைத்தானில் ரவுண்ட்(2.5) என்றால் 2, ரவுண்ட்(3.5) என்றால் 4. சரிபாதியில் நின்றால் இரட்டை எண்ணின் பக்கம் சாய்வது அதன் விதி. ரவுண்ட்(2.675, 2) என்பது 2.67 தருவதற்குக் காரணம் அந்த விதி இல்லை. 2.675 ஃப்ளோட்டில் சற்றுக் குறைவாகவே உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அது சரிபாதியே இல்லை.

பெட்டிக்குள் அடங்காத எண்ணை மாற்றினால் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். ஜாவாவில் ஆயிரம் கோடி என்ற டபுளை இன்ட் ஆக்கினால் இன்ட்டின் உச்சமான 2147483647-இல் நின்றுவிடும். சி மொழியில் என்ன வரும் என்று தரநிலையே சொல்லவில்லை, எதுவும் வரலாம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் குரூ ஏவுதளத்திலிருந்து முதல் முறை கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட் ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியதற்கு இப்படி ஒரு மாற்றம்தான் காரணம். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு 64 பிட் ஃப்ளோட்டை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அது. அந்தப் பெட்டியின் உச்சம் 32,767. மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து எடுத்தது. பழைய ராக்கெட்டில் அந்த மதிப்பு எல்லைக்குள் இருந்தது, வேகம் கூடிய புதிய ராக்கெட்டில் எல்லை தாண்டியது. மாற்றத்துக்குப் பாதுகாப்பும் போட்டிருக்கவில்லை. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கணினியிலும் அதே மென்பொருள் ஓடியதால் அதுவும் அதே வரியில் நின்றுபோனது.

ஒப்பிடுவதும் பணமும்

ஃப்ளோட்டாக்கிய எண்ணை == போட்டு ஒப்பிடாதீர்கள். 0.1-ஐப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 0.9999999999999999 தான் வரும். மொத்தம் 1.0 ஆகும்வரை சுற்று என்று எழுதிய வைல் லூப் நிற்கவே நிற்காது. சுற்றை முழு எண்ணில் எண்ணி, உள்ளே வேண்டிய இடத்தில் 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பைத்தானில் மேத்.இஸ்க்ளோஸ் இருக்கிறது, பூஜ்ஜியத்தோடு ஒப்பிடும்போது மட்டும் எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்று சொல்லும் ஆப்ஸ்_டால் மதிப்பையும் அதற்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை சிறிய எண்ணையும் அது பூஜ்ஜியத்துக்கு அருகில் என்று ஒப்புக்கொள்ளாது.

பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம். பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக்குவது எல்லா மொழியிலும் நடக்கும். பைத்தானில் டெசிமல் வகையும் உண்டு. அதற்கு எண்ணை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும்: டெசிமல்("0.1"). மேற்கோள் இல்லாமல் டெசிமல்(0.1) என்று எழுதினால் 0.1 முதலில் ஃப்ளோட்டாகி, மேலே பார்த்த அந்த 55 இலக்க வால் முழுவதும் டெசிமலுக்குள் ஏறிவிடும். இங்கேயும் கட்டளை சரி, மாற்றம் நடந்த வரிசைதான் தவறு.

கடைசியாக, ஃப்ளோட்டாக மாறிவிட்டது என்பதாலேயே அது பயன்படும் எண் என்று நம்பிவிட வேண்டாம். எண்ணல்லாத மதிப்பான நான் என்பதற்குரிய மூன்று ஆங்கில எழுத்துகளைப் பயனர் தட்டினால் பைத்தானின் ஃப்ளோட் அதையும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், வேல்யூஎரர் வராது. அந்த மதிப்பு எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் சிறிதும் இல்லை, பெரிதும் இல்லை, சமமும் இல்லை. ஆகவே "மதிப்பெண் 0-க்குக் கீழே அல்லது 100-க்கு மேலே இருந்தால் மறு" என்று எழுதிய சோதனையை அது தாண்டிவிடும், வகுப்பின் சராசரி முழுவதையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும். அதே சோதனையைத் திருப்பி, 0 <= மதிப்பெண் <= 100 என்று இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள், மற்றதெல்லாம் மறு என்று எழுதினால் அது வாசலிலேயே நின்றுவிடும்.